தன் நினைவுக்கல்லடியில் ஆப்பம் சுட்டவள்

செய்தி வந்தபோது மாலை நாலே முக்கால். வெள்ளிக்கிழமை. படக்கொட்டகை வாசலில் தரை டிக்கெட் வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டிருந்தது. சுப்பையா கதவடியில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் கச்சான் கடலை விற்கும் நூர் பீவி, கூடை இல்லாமல், முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல், பெரியாஸ்பத்திரிப் பக்கமிருந்து வேகமாக நடந்து வந்தாள்.

"சுப்பையாண்ணே, மீனாள் மௌத்தாயிட்டா. மூணு மணிக்கு. நெஞ்சு வலின்னு காலையில கொண்டுபோனோம்ல, அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு."

சுப்பையா வாய் திறப்பதற்குள் வரிசையில் முதலில் நின்றவர் திரும்பினார்.

"எந்த மீனாள்?"

"நல்லமுத்து பொஞ்சாதி மீனாள். கடல்ல போனாரே, அந்த நல்லமுத்து."

"அது தெரியும்லா. ஊமைப்படத்துலயே செத்துட்டாளே."

அவருக்குப் பின்னால் நின்றவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, கதையைச் சொல்லாதேம்மா. நாங்க பார்க்கத்தானே வந்திருக்கோம்?"

"செத்துட்டுப் பாடுறாளா, பாடிட்டுச் சாகிறாளா? அதை மட்டும் சொல்லு பீவி" என்றார் மூன்றாமவர். வரிசை சிரித்தது.

அவர்கள் பார்க்க வந்திருந்த பேசும் படம் 'கடல் கொண்ட கற்பரசி அல்லது பினாங்குப் பத்தினி'. முழுவதும் பேச்சு, இருபத்தாறு பாட்டு, உண்மையில் நடந்த கதை என்று சுவரொட்டி சொன்னது. எட்டு வருஷத்துக்கு முன் ஊமைப்படமாக வந்து பினாங்கை அழவைத்த அதே கதை. மீனாள் செத்ததைக் கண்ணால் கண்ட சாட்சிகள் அந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள், பெஞ்சில் பார்த்தவர்கள், நாற்காலியில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பார்த்தவர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் செத்ததைப் பார்த்தது நூர் பீவி ஒருத்திதான். ஆயிரம் பேர் எங்கே, ஒருத்தி எங்கே?

சுப்பையா கையிலிருந்த டிக்கெட்டைக் கிழித்தான். அடுத்ததைக் கிழித்தான். படம் தொடங்க இன்னும் கால் மணி இருந்தது. வரிசை நகர்ந்தாக வேண்டும்.

நடந்தது இதுதான். இதில் படம் எடுக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை.

நல்லமுத்து தொங்காங் கூலி. கப்பலுக்கும் துறைக்கும் நடுவே சரக்கு கொண்டுபோகும் அந்தப் பெரிய படகுகளில் மூட்டை அடுக்குவது அவன் வேலை. சிவகங்கைப் பக்கத்து ஆள். மீசை கிடையாது. நாய் என்றால் பயம். மீனாளைக் கட்டிக்கொண்டு வந்து துறைமுகக் கூலிகளின் வரிசை வீட்டில் ஓர் அறையில் குடித்தனம் நடத்தினான். இருபத்தாறாம் வருஷம், ஒரு பிற்பகல், சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று காற்று கிளம்பியது. கயிறு அறுந்தது, அரிசி மூட்டைகள் சரிந்தன, மூன்று பேர் தண்ணீரில் விழுந்தார்கள். இரண்டு பேர் மேலே வந்தார்கள். நல்லமுத்து வரவில்லை.

மீனாள் ஓடி வந்தாள். முழங்கால் வரை கடலில் இறங்கி நின்று, "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டாள். கட்டிய நாளிலிருந்து அவள் அவனை அப்படித்தான் கூப்பிட்டு வந்தாள். புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. ஆகவே அவ்வளவு பெரிய கடலைப் பார்த்தும் "ஏங்க" என்றுதான் கூப்பிட முடிந்தது. தொங்காங்காரர்கள் அவளைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார்கள். மூன்றாம் நாள் எதிர்க்கரையில், பாகான் டாலாம் பக்கம், அவன் உடல் ஒதுங்கியது. எரித்தார்கள்.

அன்றைக்குக் கரையில் ஒரு பத்திரிகை நிருபர் நின்றிருந்தார். "நல்லமுத்துவின் மனைவி மீனாள் கதறியவாறு கடலில் இறங்கினாள்" என்று எழுதினார். பொய்யில்லை. ஆனால் பத்தி அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. கீழே தலைவலித் தைல விளம்பரத்துக்கு இடம் வேண்டியிருந்தது. அந்தப் பத்திரிகை கப்பலேறிச் சென்னைக்குப் போயிற்று. அங்கே படம் பிடிக்கிற ஒருவர் அதைப் படித்தார். ஒரு பெண்ணை முழங்காலளவு தண்ணீரில் எத்தனை நாள்தான் நிற்க வைப்பது? மீதியை அவரே நடத்திவைத்தார்.

இதெல்லாம் மீனாளுக்குத் தெரியாது. அவளுக்குச் சாப்பிட வேண்டியிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் ஆப்பச் சட்டியும் மாவுப் பானையுமாகத் தெருத்தெருவாக அலைந்தாள். கொட்டகை வாசலில் நின்ற சுப்பையாதான், "தங்கச்சி, இந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில உட்காரு. ஆட்டம் விட்டா பசியோட வருவாங்க" என்றான். அவள் உட்கார்ந்தாள். அந்த இடம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு பக்கம் காற்று மறைப்புக்கு மரத்தின் அடிவேர், மறு பக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய். மூன்று வருஷத்தில் மரத்தடி ஆப்பம் என்றால் யாருக்கும் தெரியும். நல்லமுத்து பெண்டாட்டி என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

சுப்பையாவுக்கு அப்போது டிக்கெட் கிழிக்கிற வேலை இல்லை. படங்கள் ஊமையாக இருந்த காலம். திரைக்குப் பக்கத்தில் மூங்கில் பிரம்போடு நின்று கதையை உரக்கச் சொல்வது அவன் வேலை. கதாநாயகன் வாயசைத்தால் குரல் சுப்பையாவுடையது. கதாநாயகி விம்மினால் விம்மலும் அவனுடையது. குதிரை ஓடினால் நாக்கால் அதையும் சமாளிப்பான். ஆட்டத்துக்கு முன்னால் மீனாளிடம் இரண்டு ஆப்பம் சாப்பிட்டால்தான் அவனுக்குக் குரல் வரும்.

இருபத்தொன்பதில் அந்தப் படம் வந்து சேர்ந்தது.

படத்தில் நல்லமுத்து கப்பல் தலைவர். மீசை இரண்டு பக்கமும் காதைத் தொட்டது. அவர் வீட்டு மாடிப்படியில் சிங்கப் பொம்மைகள் இருந்தன. பினாங்கில் ஒரு புலி வந்தது, அதை அவர் அடித்துக் கொன்றார். மீனாளாக நடித்தவள் பூனைக்கண் உடைய ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெண். சேலையை யாரோ கட்டிவிட்டிருந்தார்கள், அதை அவிழாமல் காப்பாற்றுவதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. கடல் என்று காட்டியது ஏதோ ஓர் ஏரி. அவள் பாறைமேல் ஏறி நின்று கை விரித்தபோது அக்கரையில் எருமை ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

பாறையிலிருந்து பாயும் இடத்தில் திரையில் 'நாதா!' என்று ஓர் எழுத்துப் பலகைதான் வரும். முதல் நாள் மாலை ஆட்டத்தில் சுப்பையா அதை அப்படியே படித்தான். கொட்டகை அசையவில்லை. இரண்டாம் ஆட்டத்தில் அவனுக்கே ஓர் ஆவேசம் வந்து, "நல்லமுத்தூ! நல்லமுத்தூ! நல்லமுத்தூ!" என்று மூன்று தடவை அலறிவிட்டான். கொட்டகை குலுங்கிக் குலுங்கி அழுதது. பெண்கள் பக்கம் ஒருத்தி மயங்கி விழுந்தாள். கொட்டகைச் சொந்தக்காரர் மெய்யநாதன் வந்து அவன் முதுகில் தட்டினார். "அதை விடாதேடா. தினமும் போடு" என்றார். பதினோரு வாரம், நாளுக்கு இரண்டு ஆட்டம், சுப்பையா அலறி அலறி மீனாளைக் கடலில் தள்ளினான். தள்ளிவிட்டு வெளியே வந்து அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தான். அவள்தான் அந்த மீனாள் என்று அவனுக்கும் அப்போது தெரியாது.

படம் பார்த்தவர்கள் கடற்கரைத் திடலுக்குப் போய்ப் பாறையைத் தேடினார்கள். பினாங்கில் பிறந்து வளர்ந்தவர்கள், அந்தக் கரையில் அப்படியொரு பாறை கிடையாது என்று நன்றாகத் தெரிந்தவர்கள். தேடிப் பார்த்துவிட்டு, பாறையைக் கடல் கொண்டுபோயிருக்கும் என்று முடிவுகட்டினார்கள். நல்லமுத்துவோடு தண்ணீரில் விழுந்து எழுந்து வந்தவர்களில் ஒருவனான பழனியப்பன் நாலு தடவை படம் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு எல்லாம் நினைவு வந்தது. தொங்காங்கில் நடந்த கத்திச் சண்டையை அவன் தேத்தண்ணிக் கடையில் விவரித்தான். புலியும் நினைவு வந்தது.

"புலி எங்கடா வந்துச்சு, நடுக்கடல்ல?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது முந்தின நாள் வந்துச்சுண்ணே" என்றான் பழனியப்பன்.

ஒன்பதாம் வாரம் சுப்பையா மீனாளைக் கூப்பிட்டான். "ஊரே பார்த்து அழுவுது, வாசல்லயே உக்காந்திருக்கே, நீ பார்க்கலியே தங்கச்சி? உம் பேருதான் அவளுக்கும். வா, சும்மா உள்ளே விடுறேன்."

மாவுப் பானையை நூர் பீவியிடம் ஒப்படைத்துவிட்டு அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். மீசையைக் கண்டதும் சிரித்தாள். புலியைக் கண்டு இன்னும் சிரித்தாள். பாறைமேல் அந்தப் பூனைக்கண்காரி ஏறியபோது கொட்டகை முழுவதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, மீனாள் எருமையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஏண்டி, கல்நெஞ்சுக்காரி, ஒரு பொம்பளை சாகிறா, உனக்குச் சிரிப்பா?" பக்கத்திலிருந்தவள் தோளில் ஓர் அடி வைத்தாள்.

"சாகலேக்கா. முழங்கால் தண்ணியிலதான் நின்னேன். அப்புறம் வீட்டுக்குப் போயிட்டேன்."

"யாரு?"

"நான்தான்."

அப்போது சுப்பையா அலறினான். "நல்லமுத்தூ!" மீனாளின் சிரிப்பு நின்றது. மூன்று தடவையும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் விட்டதும் செய்தி பரவியது. கற்பரசி என்று ஒருத்தி வாசலில் ஆப்பம் சுடுகிறாளாம். முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பூனைக்கண் இல்லை, சிவப்புத் தோல் இல்லை, கன்னத்தில் அடுப்புக்கரி. ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றம் இரண்டு நாளில் கோபமாயிற்று. "அவ்வளவு அழுதோமே, எல்லாம் வீணா?" என்றாள் ஒருத்தி. "உசிரோட இருந்து என்ன, அப்பவே செத்திருக்கலாம்ல" என்றாள் இன்னொருத்தி, ஆப்பத்தைப் பிட்டுக்கொண்டே.

அப்போது கற்பரசிக்கு நினைவுக்கல் நடவேண்டும் என்று ஒரு சபை கூடியிருந்தது. தலைவர், மரக்கிட்டங்கி வைத்து வியாபாரம் பண்ணிய பெரியகருப்பன் செட்டியார். படத்தை ஆறு தடவை பார்த்து ஆறு தடவையும் மேல்துண்டை நனைத்தவர். வீட்டுத் தரைக்கு வாங்கி மிஞ்சிய சலவைக்கல் அவரிடம் இருந்தது. கடற்கரையில் நட்டால் யார் வந்து பார்ப்பார்கள்? கொட்டகை வாசலில் நட்டால் ஆட்டத்துக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் பார்ப்பார்கள் என்றார் மெய்யநாதன். வாசலில் நல்ல இடம் எது? மரத்தடிதான். மீனாளுக்கு நினைவுக்கல் நட, மீனாள் எழுந்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை செட்டியாரும் சபையார் நாலைந்து பேரும் மெய்யநாதனும் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார்கள். சுப்பையா கையில் ஆப்பத்தோடு மரத்தில் சாய்ந்திருந்தான்.

"நீதான் மீனாளாமே?" என்றார் செட்டியார்.

"ஆமாங்கய்யா."

"செத்துப்போனதாப் பேப்பர்ல போட்டிருக்கான். படத்துலயும் இருக்கு. நீ உசிரோட இருக்கேன்னு எதுல போட்டிருக்கு?"

"என்னைத்தான் பாக்குறீங்களே ஐயா."

"பாத்தா ஆப்பக்காரி மாதிரி இருக்கு." சபையார் சிரித்தார்கள். "சரி, நம்ம சண்டை போட வரலே. உம் புருஷன் பேரைச் சொல்லு. இந்த இடத்தை விட்டுடுறோம்."

மீனாள் கரண்டியைக் கீழே வைத்தாள். உதட்டைக் கடித்தாள். "அவுங்க பேருங்களா... ஊருக்கே தெரியுமேய்யா."

"ஊருக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா?"

"முன்னாடி, கெட்டதுக்கு எதிர்ப்பதம் வரும்ங்க. பின்னாடி, கடல்ல மூழ்கி எடுப்பாங்களே, கழுத்துல போட்டுக்குவாங்க..."

"கெட்டதுக்கு எதிர்ப்பதம், கடல்ல எடுக்கிறது. நல்ல கருவாடா?" என்றார் சபையார் ஒருவர். மரத்திலிருந்த காக்கைகள் பறக்கும்படியாகச் சிரித்தார்கள்.

நூர் பீவிக்குப் பொறுக்கவில்லை. "நல்லமுத்துன்னு நான் சொல்றேன் செட்டியாரே. அது போதாதா?"

"நீ சொல்லாதேம்மா. அவ சொல்லட்டும்."

மீனாள் வாய் திறந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. ஒரே ஒரு பேர். சொல்லிவிட்டால் மரமும் குழாயும் அடுப்பும் அவளுடையவை. கண்ணில் நீர் வந்தது, பேர் வரவில்லை.

செட்டியார் சபையைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? அந்த மகராசி பாயுறப்போ மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டா. நாமெல்லாம் காதால கேட்டோம். இவளுக்கு ஒரு தடவை சொல்ல வரலே. பொய்க்காரி."

அவர்கள் காதால் கேட்டது சுப்பையாவின் குரல். படத்தில் இல்லாததை, எழுத்துப் பலகையில் இல்லாததை, கைதட்டலுக்காக அவன் சேர்த்தது. செட்டியாரின் மனைவி மெய்யம்மை முப்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு நாள்கூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே ஊருக்குக் கப்பலேற்றியிருப்பார். அது அவருக்கு அந்த நேரத்தில் நினைவு வரவில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள இடத்தைக் காலி பண்ணு" என்றார் மெய்யநாதன்.

அன்று மாலை ஆட்டத்துக்குச் சபையார் அப்படியே நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். சுப்பையா பிரம்பை எடுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றான். புலிவரை ஒழுங்காகச் சொன்னான். பாறை வந்தது. பூனைக்கண்காரி கை விரித்தாள். கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"மக்களே" என்றான் சுப்பையா. "இவள் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. நம் வீட்டுப் பெண்களில் யார் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்? 'ஏங்க' என்றாள். தண்ணீர் முழங்கால் அளவு. இதோ குதிக்கிறாளே, அது சும்மா. எழுந்தாள், சேலையைப் பிழிந்தாள், வீட்டுக்குப் போனாள். காரியம் முடிந்த பிறகு அரிசி ஊறப்போட்டாள். வாசலில் இருக்கிறாள். ஆப்பம் நன்றாயிருக்கும்."

தரை டிக்கெட்டிலிருந்து ஒரு செருப்பு வந்து திரையில் அடித்தது.

"டேய், பேரைக் கத்துடா!"

"போன வாரம் செத்தாளே, இந்த வாரம் என்னடா?"

"சாகச் சொல்லு அவளை! சாகணும்!"

பெஞ்சுகள் தட்ட ஆரம்பித்தன. சாகணும், சாகணும் என்று தாளம் கட்டிவிட்டது. தகரக் கொட்டகை, அந்தச் சத்தம் வெளியே மரத்தடிக்கு நன்றாகவே கேட்டிருக்கும். மேலே படப்பெட்டி ஓட்டும் யூசுப் பயந்துபோய்ப் பெட்டியை நிறுத்தினான். மெய்யநாதன் அரிக்கன் விளக்கோடு ஓடி வந்தார்.

"என்னடா பண்றே? அவளைக் கொல்றியா, வேலையை விட்டுட்டுப் போறியா?"

சுப்பையாவுக்கு வீட்டில் நாலு வாய். யூசுப் சுருளைப் பின்னால் சுற்றினான். பூனைக்கண்காரி மறுபடி பாறையில் ஏறினாள். சுப்பையா அலறினான், மூன்று தடவை. அவள் மூழ்கினாள். போதவில்லை என்றார்கள். இன்னொரு தடவை சுற்றினார்கள். மறுபடியும் அலறினான், மறுபடியும் மூழ்கினாள். அன்றைக்கு அழுகை வழக்கத்தைவிட இரண்டு பங்கு. செட்டியாருக்கு வேறு துண்டு கொடுக்க வேண்டியிருந்தது.

அழுதவர்களுக்குப் பசித்தது. வெளியே வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மரத்தடியில் சூழ்ந்து நின்று ஆப்பம் வாங்கினார்கள். மாவு தீர்ந்துபோயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு சுப்பையா தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான். "தங்கச்சி, மன்னிச்சுக்க. பேர் சொல்லிக் கூப்பிட்டது படத்துல கிடையாது. நானா போட்டது. அதை வச்சுத்தான் உன்னைப் பொய்க்காரின்னுட்டாங்க."

மீனாள் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "இனிமே எனக்காக ஒன்னும் மாத்திச் சொல்லாதீங்கண்ணே. ரெண்டு மாசமா வெளியில உக்காந்து அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். அவுங்க பேரைச் சத்தம்போட்டு யாராச்சும் கூப்பிடுறாங்கல்ல. எனக்கு வாயில வராது. நீங்க கூப்பிடுறீங்க. இருக்கட்டும்."

திங்கட்கிழமை கல் வந்தது. மூன்று வரி. 'கப்பல் தலைவர் நல்லமுத்து, அவர்தம் பத்தினி மீனாள், கடல் கொண்ட இடம்'. கடல் அங்கிருந்து அரை மைல். நட்டு முடித்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. கல் என்று நட்டால் விளக்கு வைக்க வேண்டும். யார் வைப்பது? சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கடை இருந்தது, ஒருவருக்கு மூட்டுவலி. செட்டியார் கற்பரசிக்காக எத்தனை துண்டு வேண்டுமானாலும் நனைப்பார், எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் வர அவரால் ஆகாது. ஆப்பச் சட்டியோடு ஓரமாக நின்ற மீனாள்மேல் எல்லார் கண்ணும் விழுந்தது.

"விளக்கு வைக்கிறதா இருந்தா இங்கேயே இருந்துக்க" என்றார் மெய்யநாதன். "ஆனா ஒன்னு. நான்தான் அவன்னு இனி யார்கிட்டேயும் சொல்லக்கூடாது. மீனாள் செத்துட்டா. ஒத்துக்கிறியா?"

"சரிங்கய்யா, செத்துப்போறேன்" என்றாள் மீனாள். "அடுப்பை எங்க வச்சுக்கிறது?"

கல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். முன்னைவிட வசதியாகத்தான் இருந்தது. கடற்காற்றுக்கு நல்ல மறைப்பு. தேங்காய் மட்டை புகைந்து புகைந்து, காற்று திரும்பும் நாளில் முன்பக்கமும் படிந்து, கல் ஒரு வருஷத்தில் கறுத்துவிட்டது. பெண்கள் வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். புருஷன் ஆயுசுக்கு வேண்டிக்கொண்டார்கள். "தண்ணியில போனவர் பொஞ்சாதிகிட்ட வந்து புருஷன் ஆயுசைக் கேக்குறாங்களே பீவி" என்று மீனாள் மெதுவாகச் சொல்வாள். கற்பரசிக்கு என்ன படைக்கலாம் என்று ஒருத்தி கேட்டபோது, "ஆப்பம்னா உசிரு" என்றாள் முகம் மாறாமல். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் படையல் ஆப்பம்தான். படைத்ததைக் காக்கை தின்றது, படைப்பதற்கு இவளிடம் வாங்கினார்கள்.

படம் போய்விட்டது. வேறு படங்கள் வந்தன. பிறகு படங்களே பேச ஆரம்பித்தன, சுப்பையாவின் பிரம்பு கொட்டகைப் பரணுக்குப் போயிற்று. அவனைக் கதவடியில் நிறுத்தினார்கள். "உங்களுக்கும் கல்லு நட்டுட்டாங்களாண்ணே?" என்றாள் மீனாள். இரண்டு ஆப்பம் மட்டும் மாறவில்லை. சில வெள்ளிக்கிழமைகளில், கூட்டம் உள்ளே போனபின், வாசலில் ஆளில்லாத நேரம் பார்த்து, "அண்ணே, ஒரு தடவை" என்பாள். சுப்பையா தெருவைப் பார்த்துவிட்டு, அலறாமல், பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி, "நல்லமுத்து" என்பான். அவள் மாவைக் கலக்குவாள்.

முப்பத்தேழில் அதே கதை பேசும்படமாக வருகிறது என்று தெரிந்ததும் மெய்யநாதனுக்குக் கல் நினைவு வந்தது. வந்து பார்த்தார். ஓர் எழுத்தும் தெரியவில்லை. "என்ன இது, அடுப்பாங்கரை மாதிரி இருக்கு? வெள்ளிக்கிழமை படம் போடுறோம். அதுக்குள்ள தேச்சு வெள்ளையாக்கிடணும்" என்றார் மீனாளிடம். அந்தக் கல் அவளுக்குத்தான் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் தேய்க்க உட்கார்ந்ததை நூர் பீவி பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, மூச்சு வாங்குகிறது, மீதியை நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்தாளாம். காலையில் நெஞ்சு வலி வந்துவிட்டது.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. வரிசை உள்ளே போயிற்று. செட்டியார் காரில் வந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது, தோளில் புதுத் துண்டு. சுப்பையா அவர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, மீனாள் இறந்துட்டா. மூணு மணிக்கு."

"ஆமாப்பா" என்றார் செட்டியார் பெருமூச்சோடு. "எத்தனை வருஷமானாலும் மனசு கேக்க மாட்டேங்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கதவைச் சாத்திவிட்டு சுப்பையா மரத்தடிக்கு வந்தான். நூர் பீவி ஏற்கெனவே அங்கே வேரில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. உள்ளே பாட்டு ஆரம்பித்தது.

"உடம்பை எப்போ கொடுப்பாங்களாம்?"

"யாராச்சும் வந்து பேர் சொல்லிக் கையெழுத்துப் போடணுமாம்ணே. புருஷன் பேரும் எழுதணுமாம்."

"நான் போறேன்" என்றான் சுப்பையா.

கல்லடியில் ஒரு சிரட்டையில் சாம்பல் இருந்தது, அதன்மேல் தேங்காய் நார். முதல் வரியில் 'நல்லமுத்து' என்ற பேர் மட்டும், ஓரத்தில் துளிக் கரிகூட இல்லாமல், பளிச்சென்று வெளுத்திருந்தது. அதற்கு முன்னால் இருந்த 'கப்பல் தலைவர்' கரியோடேயே இருந்தது. இரண்டாவது வரியை அவள் இன்னும் தொடவில்லை.